எல்லாம் குடித்தாள் என்று சொன்னேன்

2006 செப்டெம்பர், பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் கிழமை. ஆரணி மாடிப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "என்ன பிள்ளை இது, தவழுற குழந்தை மாதிரி?" என்று கத்தினேன். "முழங்கால் மடங்குதில்லை அம்மா" என்றாள். பள்ளிக்குப் போகக் கள்ளம் என்று நினைத்தேன். அன்று அவளைத் திட்டித்தான் அனுப்பினேன்.

பின்னேரம் காற்சட்டையை மடித்துக் காட்டினாள். இடது முழங்கால் பொங்கி, சிரட்டையைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, தொட்டால் பெரிய நோவும் இல்லை. என் கணவர் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். நாள் முழுக்க முழங்காலில் நின்று வேலை செய்கிறவர். "என்ர முழங்கால் இவளுக்கு வந்திட்டுது" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன்.

குடும்ப வைத்தியர் இரண்டு தடவை சுளுக்கு என்றார். மூன்றாம் தடவை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு, ஆனால் சண்டை பிடிக்க அது போதும். கடிதம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே முழங்காலில் ஊசி ஏற்றி, மஞ்சளாகக் கலங்கிய நீரை எடுத்தார்கள். ஆரணி என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல் நெளிந்தது.

சிறுவர்களுக்கான மூட்டு வைத்தியர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார், எதையும் சொல்லுமுன் கையிலுள்ள பேனையை மூடுவார். இந்த வருடம் காட்டுப் பக்கம் போனீர்களா என்று கேட்டார். இல்லை என்று உடனே சொன்னேன். எனக்குக் காடு என்றால் யானை நிற்கும் வன்னிக்காடு. ஆரணிதான் "அம்மா, மாமி வீட்டுக்குப் பின்னால நடந்தமே?" என்றாள்.

லண்டனுக்கு வருவதற்கு முன் நாங்கள் பத்து வருடம் ஜெர்மனியில் இருந்தவர்கள். ஆரணி பிறந்ததும் அங்கேதான். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் வந்தோம். என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, ஆரணிக்கு மாமி, இன்னும் தெற்கு ஜெர்மனியில் இருக்கிறார். மே மாதக் கடைசியில் ஒரு கிழமை அவர் வீட்டில் நின்றோம். அங்கெல்லாம் மரங்களுக்குள் நடந்துவிட்டு வந்தால், பிள்ளைகளின் உடம்பில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது பல் தீட்டுவது போல ஒரு பழக்கம். பத்து வருடம் நானும் பார்த்தேன். நாலு வருட லண்டன் வாழ்க்கையில் அது விட்டுப்போனது. தவிர, வளர்ந்த பெண், உடுப்பைக் கழற்றிப் பார்க்க என்னை விடவும் மாட்டாள்.

ஜூன் மாதம் அவளுடைய தொடையின் பின்புறம் ஒரு வட்டம் வந்தது. எங்கள் தோலில் அது சிவப்பாகத் தெரியவில்லை, காய்ந்த கறை போல மங்கலாக இருந்தது. படர்தாமரை என்று நானே தீர்மானித்து, கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். மூன்று கிழமையில் மறைந்தது. எனக்கு வலு சந்தோஷம். அந்த வட்டம் தானாகவே மறையக் கூடியது, களிம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன்.

இரத்தம் வேறொரு ஊருக்குச் சோதனைக்குப் போய் வர மூன்று கிழமை எடுத்தது. லைம் நோய் (உண்ணிக் கடி வழியாக உடம்புக்குள் போகும் ஒருவகைக் கிருமியால் வருவது). மூட்டில் போய்த் தங்கியிருக்கிறது என்றார் வைத்தியர். இருபத்தெட்டு நாள் டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் (கிருமியைக் கொல்லும் மருந்து), காலை ஒரு கூட்டுக் குளிசை (கப்சியூல்), மாலை ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் இதிலேயே சுகமாகிவிடுவார்கள் என்றும் சொன்னார். அந்த வசனத்தை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

ஆனால் எனக்கு அந்த மருந்தில் பயம். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கும் பெற்றோருக்கும் அந்தப் பயம் இருக்கக்கூடும். அன்ரிபயோட்டிக் சூடு, வயிற்றைப் புண்ணாக்கும், இரத்தத்தைக் குறைக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மூன்று நாள் கொடுப்பதற்கே யோசிக்கிறவளிடம் இருபத்தெட்டு நாள் கொடு என்றால்? ஆரணி அந்த வருடம்தான் பெரியபிள்ளையானவள். ஏற்கனவே இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து ரொனிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மருந்து தொடங்கியது கந்தசஷ்டியின் இரண்டாம் நாள். நான் ஆறு நாளும் விரதம். எங்கள் வீட்டில் மற்ற நாட்களில் மீன், கோழி உண்டு. மாடு என்றைக்கும் இல்லை. விரத நாளிலும் ஆரணி வெளியே கோழி பேர்கர் தின்பது எனக்குத் தெரியும், தெரியாதது போல இருப்பேன். அன்று கோயிலில் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் பிள்ளைக்கு மருந்து என்று கதை கொடுத்தேன். "கூட்டுக் குளிசையோ? அந்தக் கூடு மாட்டெலும்பில செய்யிறதெல்லோ. நான் எண்டா உடைச்சுப் பாலில கலந்துதான் குடுக்கிறனான்" என்றார்.

வீட்டுக்கு வந்து மருந்தோடு இருந்த தாளை விரித்தேன். நான் தேடியது ஒரே ஒரு சொல். ஜெலற்றின் (மாட்டின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் பசை) என்று இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை வாசிக்கவில்லை.

அன்று தொடக்கம் ஒவ்வொரு குளிசையையும் பிரித்து, தூளை இளஞ்சூட்டுப் பாலில் கொட்டிக் கலக்கினேன். சூடு தணிய வேண்டுமே, அதற்குத்தான் பால். கைப்புக்கு இரண்டு கரண்டி சீனி. இரத்தம் குறையாமல் இருக்க அதற்குள்ளேயே ஒரு மூடி ரொனிக். வெறும் கூடுகளைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். ஆரணி மூக்கைச் சுளித்தாள். "முருகா எண்டு குடி" என்று கோப்பையைக் கொடுத்துவிட்டு நான் வேலைக்கு வெளிக்கிடுவேன். என் மனதில் அப்போது இருந்தது பெருமைதான். இந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்து எந்தத் தாய் செய்வாள்?

இருபத்தெட்டு நாள் முடிந்தது. முழங்கால் அப்படியே இருந்தது.

டிசெம்பரில் மச்சாள் தொலைபேசியில் எடுத்தார். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், மருந்துகளோடு பழக்கம். "மருந்தை என்னத்தோட குடுத்தனீர்?" என்று கேட்டார்.

"பாலோட, மச்சாள். அதுக்குள்ளயே இரும்பு ரொனிக்கும் விட்டனான்."

"ஐயோ, என்ன விசர் வேலை பாத்தனீர்! இரும்போட குடுத்தா அந்த மருந்து உடம்பில சுவறாது. இஞ்ச பால் கூடக் குடுக்க விடமாட்டினம்."

லாச்சியைத் திறந்து மருந்துப் பெட்டியை எடுத்தேன். மேலே ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டில் அச்சடித்திருந்தது: இரும்புச்சத்து மருந்துகளோடு ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். ஆரணியின் பெயருக்குக் கீழேயே இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தப் பெட்டியைத் திறந்தவள் நான். அடுப்படி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். கண்ணீர் வரவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்தேன், இரண்டு தடவை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். அவர் கை கால் கழுவாமல் நின்று கேட்டார். பேச்சில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "இஞ்சேரும், டொக்டரிட்ட வாயைத் திறக்காதையும். எழுதிப்போடுவினம். பிறகு சோஷல் சேர்விஸ் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். பிள்ளையக் கொண்டுபோயிட்டினம் எண்டா என்ன செய்வீர்?" சமூக சேவைக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இந்த ஊரில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உண்டு. யாருடைய பிள்ளை, எப்போது, எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் தலையாட்டினேன்.

நாலு நாள் கழித்து வைத்தியரிடம் போனோம். முழங்காலை அமத்திப் பார்த்துவிட்டு, பேனையை மூடிக்கொண்டு கேட்டார்: "மருந்து முழுவதையும், ஒன்றும் விடாமல், சரியாகக் குடித்தாளா? இந்தப் பதிலை வைத்துத்தான் நான் அடுத்ததை முடிவு செய்ய வேண்டும்."

"ஓம், எல்லாம் குடித்தாள்" என்று சொன்னேன். கணவர் சுவரைப் பார்த்தார். ஆரணி தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

அப்படியென்றால் கிருமி பெரும்பாலும் செத்துவிட்டது, உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் அடங்காமல் நின்று மூட்டைத் தாக்குகிறது, சில பிள்ளைகளுக்கு அப்படி நடக்கும் என்றார். ஜனவரியில் மயக்க மருந்து கொடுத்து மூட்டுக்குள் ஸ்டீரொயிட் (வீக்கத்தை அடக்கும் மருந்து) ஊசி போடலாம் என்று நாள் குறித்தார். அவர் கட்டிய கணக்கு முழுவதும் என்னுடைய ஒரு பொய்யின் மேல் நின்றது. கிருமி உயிரோடு இருக்கும் மூட்டில் அந்த ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார். அந்த ஐந்து கிழமையும் நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், கடையில் மரக்கறி தெரிந்து வாங்கினேன். என்ன சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

ஊசி போடும் நாள் காலை. ஆரணி பின்னால் முடிச்சுப் போடும் ஆஸ்பத்திரிச் சட்டையோடு கட்டிலில் இருந்தாள். வைத்தியர் கையெழுத்துக்கான தாளை நீட்டினார். பேனையை வாங்கினேன். அதைத் தாளின் மேல் வைத்தேன். "நான் பொய் சொன்னேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன்: மாட்டெலும்பு, பால், சீனி, இரும்பு. பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம் என்றும் கெஞ்சினேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாலால் பெரிய குறை இல்லை, இரும்புதான் மருந்தைப் பிடித்து வைத்து உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும் என்று விளக்கினார். பிள்ளையை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்றும் சொன்னார். கடைசியாக, "தண்ணீரில் கரைக்கும் வில்லையாகவும் இந்த மருந்து இருக்கிறது. ஜெலற்றின் இல்லாதது. கேட்டிருந்தால் எழுதித் தந்திருப்பேனே" என்றார்.

கேட்டிருந்தால். அந்தச் சொல்லைத் தாண்டி எனக்கு அன்று வேறொன்றும் காதில் விழவில்லை. இதை வாசிப்பவர்கள் யாராவது மருந்துக் கடையில் நின்று, இது மதம், இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால், தயவுசெய்து கேளுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஒட்டியிருக்கும் துண்டை முழுவதும் வாசியுங்கள், வாசிக்க ஏலாவிட்டால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஊசி நிறுத்தப்பட்டது. இம்முறை இரத்த நாளம் வழியாக வேறொரு அன்ரிபயோட்டிக், நாள்தோறும் ஒரு தடவை, இருபத்தெட்டு நாள். மேற்கையிலிருந்து நெஞ்சுவரை ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திப் பொருத்தினார்கள். தினமும் பகல் வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வேலையில் சம்பளமில்லாத லீவு எடுத்தேன்.

பத்தாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. பதினாறாம் நாள் வலது விலாவுக்குக் கீழே நோகிறது என்றாள். ஸ்கான் எடுத்துப் பார்த்தால் பித்தப்பையில் மணல் போல ஏதோ படிந்திருக்கிறது. இந்த மருந்தால் வருவது, நிறுத்தியதும் பெரும்பாலும் கரைந்துவிடும் என்றார் வைத்தியர். கணவர் வார்டிலேயே கத்திவிட்டார்: "முழங்காலைப் பாக்க வந்து பித்தப்பையையும் குடுத்திட்டுப் போகவோ?" நிறுத்தச் சொல்லவும் பயம், தொடரவும் பயம். முன்பு குறைத்துக் கொடுத்துக் கெடுத்தேன், இப்போது கூடக் கொடுத்துக் கெடுக்கிறேனோ? தொடர்ந்தோம். நான்தான் தொடரச் சொன்னேன். சரியோ பிழையோ என்று இன்றுவரை தெரியாது.

கணினியில் தேடினால் ஒருவர் ஒரு வருடம் மருந்து கொடு என்கிறார், இன்னொருவர் அது நஞ்சு என்கிறார். இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறையாக எழுதியிருக்கிறார்கள். வாசித்து வாசித்துத் தலை விறைத்ததுதான் மிச்சம்.

இருபத்திரண்டாம் நாளோ இருபத்திமூன்றாம் நாளோ, மருந்துப் பை பாதி இறங்கியிருந்தது. ஆரணி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, அந்தப் பால் இருக்கெல்லோ. நான் எல்லாம் குடிக்கேல்லை. நீங்க வேலைக்குப் போனாப் பிறகு சிங்குக்குள்ள ஊத்தினனான்."

"எத்தினை நாள்?"

"தெரியாது. கனநாள். சரியான கைப்பு. நான் ஊத்தினபடியால்தான் சுகம் வரேல்லை எண்டு எனக்குத் தெரியும். சொன்னா அடிப்பீங்க எண்டு..." உதடு கோணி, முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது.

அவள் மூன்று மாதமாக அதைச் சுமந்திருக்கிறாள். வைத்தியர் கேட்டபோது சப்பாத்தைப் பார்த்தது அதற்குத்தான். அவளைக் கட்டிப்பிடித்து, "இல்லைக் குஞ்சு, உன்ர பிழை இல்லை" என்று சொன்னேன். வெளியே பார்த்தவர்களுக்கு நல்ல தாய். ஆனால் அவள் சொல்லி முடித்த அந்தக் கணம் என் மனதுக்குள் முதலில் வந்தது இரக்கம் இல்லை. நிம்மதி. முழுக்க நான் மட்டும் கெடுக்கவில்லை என்ற நிம்மதி. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் பாதியை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டேன். என்னை நான் மன்னிக்காதது இரும்புக்காக அல்ல, அந்த மூச்சுக்காக.

மருந்து முடிந்தது. பித்தப்பை தெளிந்தது. முழங்கால் பாதி வற்றியது, மிச்சம் வற்றவில்லை. ஸ்டீரொயிட் ஊசியும் போட்டார்கள், நாலு மாதம் நன்றாக இருந்து மறுபடி வீங்கியது. முதல் மருந்தை ஒழுங்காகக் குடித்திருந்தால் சுகமாகியிருப்பாளா என்று வைத்தியரிடம் கேட்டேன். "தெரியாது. சரியாகக் குடித்த பிள்ளைகளிலும் சிலருக்கு இப்படி நிற்கிறது. இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது, யாராலும் முடியாது" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது விலங்கு மாட்டியது போல இருந்தது. குற்றவாளி என்றாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. எழும்பியதும் கால் விறைத்திருக்கும். கட்டிலின் ஓரத்தில் இருந்து இரண்டு கையாலும் முழங்காலைத் தேய்ப்பாள். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஏழு நாற்பதுக்குத்தான் நிலத்தில் ஊன்றுவாள். நான் கதவருகில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பேன். எனக்கு நாள் தொடங்குவது ஏழு நாற்பதுக்குத்தான். அதற்கு முன் தேத்தண்ணீர் கூட இறங்காது.

போன மாதம் வைத்தியர் கேட்டார்: "காலையில் விறைப்பு எவ்வளவு நேரம்?" ஆரணி ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு, "ஐந்து நிமிடம்" என்றாள். இன்னொரு மருந்து, இன்னொரு ஊசி, பள்ளியில் இன்னொரு கிழமை வீணாய்ப் போவது அவளுக்கு வெறுத்துவிட்டது. வைத்தியர் பேனையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்படியா, அம்மா?"

"இல்லை. நாற்பது நிமிடம்" என்று சொன்னேன். ஒருமுறை பொய் சொல்லிப் பட்டது போதும் என்றுதான் சொன்னேன். வைத்தியர் எழுதினார், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஒரு புதிய மருந்தின் பெயரைச் சொன்னார்.

ரயிலில் என் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தும் எதிரே போய் இருந்தாள். நாலைந்து ஸ்டேஷன் கழித்து, யாருக்கும் கேட்காத மாதிரித் தமிழில் சொன்னாள்: "நீங்க பொய் சொன்ன நேரம் நான் உங்களைக் காட்டிக் குடுக்கேல்லையே, அம்மா."

மறுநாள் காலை அவளுடைய அறைக்கதவு உள்ளே பூட்டியிருந்தது. அன்றிலிருந்து தினமும் பூட்டியிருக்கிறது. எட்டு மணிக்கு உடுத்திக்கொண்டு வெளியே வருவாள், "நல்லாத்தான் இருக்கு" என்பாள். எத்தனை நிமிடம் என்று எனக்கு இப்போது தெரியாது.